அரை முத்திரை

சூசோ, வாத்துப்பாலச் சந்து
மூன்றாம் மாதம், ஏழாம் நாள்

ஷாங்காயில் புகழோடு வாழும் பெய் யுன்தாங் ஐயா அவர்களுக்கு, காலஞ்சென்ற தாவ் சிங்ஷியின் மனைவி வணக்கம் கூறி எழுதுவது.

உங்கள் எழுபதாம் பிறந்தநாள் அழைப்பும், அதையொட்டி நீங்கள் அச்சிட்டிருக்கும் ஓவியத் தொகுப்பும் நேற்று முன்தினம் வந்து சேர்ந்தன. அழைப்புக்கு நல்ல சிவப்புத் தாள் வாங்கியிருக்கிறீர்கள். தபால்காரர் மழையில் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்ததால் ஒரு மூலை மட்டும் சாயம் போயிருந்தது. அது உங்கள் தவறல்ல.

இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. கால்வாய்த் தண்ணீர் படித்துறையின் மூன்றாவது படியைத் தொட்டுவிட்டது. அடுக்களைச் சுவரில் ஈரம் ஏறுவதால், கீழறையில் இருந்த என் கணவருடைய தூரிகைகளையும் தாள்களையும் மாடிக்கு மாற்றினேன். அறுபத்தாறு வயதில் ஏணிப்படி ஏறுவது எளிதல்ல. ஆனாலும் பிறர் கையில் அவற்றைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தொகுப்பை இரண்டு முறை படித்தேன். ஒருமுறை படங்களுக்காக, ஒருமுறை பிழைகளுக்காக. மடத்துப் பள்ளியில் கன்னியாஸ்திரீகள் எனக்கு இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திவிட்டார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குருநாதரின் சீடர்கள் பதினான்கு பேரையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஆறு பக்கம். என் கணவரைப் பற்றி ஒரு வரி: “தாவ் சிங்ஷி, விசிறிகள் வரைந்தவர், தூரிகை மெலிந்தது.” அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அவர் இருபத்தாறு ஆண்டுகள் மலைகளை வரைந்தார். விசிறி வரைந்தது கடைசி ஐந்து ஆண்டுகள் மட்டுமே. இரண்டாவது பிழையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தொகுப்பின் உச்சி என்று நீங்களே சொல்லியிருக்கும் ஒன்பதாவது படத்தை ஜன்னலோரம் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன். நான்காக மடித்து வைத்திருக்கிறீர்களே, அந்த எட்டு முழ நீள மலைச்சுருள். வரைந்தவர் பெயர் எங்குமில்லை. இருந்தும் அது முந்நூறு ஆண்டுக்கு முந்தைய மிங் காலத்து மாமேதையின் கைவேலை என்று கண்டுபிடித்தவர் நீங்கள். சுருளின் கடைசியில் உங்கள் கையாலேயே பாராட்டுரை எழுதிப் பதினொரு முத்திரைகள் பதித்திருக்கிறீர்கள். “ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் இரும்பினால் ஆன எலும்பு இருக்கிறது. இன்று உயிரோடிருக்கும் எவர் கையாலும் இது ஆகாது.” நன்றாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு வாக்கியங்களை எனக்காக ஒரு தாளில் பெயர்த்து எழுதி வைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். சுருளின் வலது ஓரத்தில் செந்தூர நிறத்தில் பாதி முத்திரை ஒன்று தெரிகிறது. முழு முத்திரை இல்லை, இடப் பாதி மட்டும். ஓவியம் உண்மையானது என்பதற்கு அதுவே முதற்சான்று என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி முத்திரை எப்படிச் சான்றாகும்? படித்தவள் என்றாலும் இவ்விஷயத்தில் நான் வெளியாள். நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுதி விளக்கினால் நன்றி உடையவளாக இருப்பேன்.

நான்காம் மாதம் இருபதாம் தேதி விருந்துக்குக் கட்டாயம் வருகிறேன். சிறு பரிசு ஒன்றும் கொண்டுவருவேன். வெறும் தாள்தான், ஒன்றரை முழ நீளம். பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன? நண்டு பிடிக்குமே உங்களுக்கு. இன்னும் கடிக்க முடிகிறதென்றால் மகிழ்ச்சி.

உங்கள் உடல்நலத்தை விரும்பும்
தாவ் வீட்டு விதவை


சூசோ, வாத்துப்பாலச் சந்து
மூன்றாம் மாதம், இருபத்திரண்டாம் நாள்

பெய் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வரி கேட்டேன், நான்கு பக்கம் எழுதினீர்கள். உங்கள் பெருந்தன்மை அப்படி. மிங் அரண்மனையில் ஓவியங்களைப் பதிவு செய்யும்போது பதிவேட்டையும் ஓவியத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டின் மீதும் விழும்படி ஒரே முத்திரையைக் குத்துவார்கள். வலப் பாதி பதிவேட்டில் போகும், இடப் பாதி ஓவியத்தில் நிற்கும். ஆகவே பாதி முத்திரை உள்ள ஓவியம் அரண்மனையில் இருந்த ஓவியம். குழந்தைக்குச் சொல்வதுபோல் அழகாக விளக்கியிருக்கிறீர்கள். உங்கள் சுருளில் எழுத்து தேய்ந்திருந்தாலும் அளவும் நிறமும் சரியாக இருக்கின்றன என்றும், அந்தப் பாதி முத்திரை அரண்மனையுடையது இல்லையென்றால் உங்கள் பதினொரு முத்திரைகளையும் கல்லில் தேய்த்து அழித்துவிடுவதாகவும் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். விருந்தன்று எல்லோர் முன்னிலையிலும் இதையே சொல்லப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் கடிதத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இனி நான் உங்களுக்கு ஒன்றை விளக்குகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், குடியரசின் மூன்றாம் ஆண்டு, ஒன்பதாம் மாதம், உங்கள் பழைய வீட்டுத் தோட்டத்தில் செவ்வந்தி விருந்து நடந்தது நினைவிருக்கிறதா? முப்பது பேர் வந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் பக்கத்து அறையில், மரச்சட்ட ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். என் கணவர் தம்மிடம் இருந்த ஒரே பட்டு அங்கியை அணிந்துகொண்டு, பதினான்கு மாதம் உழைத்து வரைந்த மலைச்சுருளை இரு கைகளாலும் ஏந்திவந்து உங்கள் முன் வைத்தார். அது எந்தத் தாளில் வரையப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். குருநாதர் சாவதற்கு முன் தம்மிடமிருந்த பழங்காலத் தாளிலிருந்து உங்களுக்கு ஒரு சுருள், என் கணவருக்கு ஒரு சுருள் கொடுத்தார். மற்ற பன்னிரண்டு பேருக்கும் கொடுக்கவில்லை. என் கணவருக்கும் கொடுத்தாரே என்று அன்றைக்கே உங்கள் முகம் சுண்டிப்போனதாக இவர் என்னிடம் சொன்னார். அப்போது நான் அதை நம்பவில்லை.

சுருளோவியத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இடக்கையால் விரித்து, வலக்கையால் சுற்றி, தோளகலம் தோளகலமாக முடிவு வரை போக வேண்டும். நீங்கள் இடக்கையால் மட்டும் விரித்தீர்கள். உங்கள் வலக்கையில் நண்டுக்கால் இருந்தது. தொடக்கத்தில் இருந்த ஒன்றரை முழ நாணற்கரையை மட்டும் பார்த்தீர்கள். அப்புறம் சொன்னீர்கள்:

“என்னடா தம்பி, இதுல எலும்பே இல்லையே. இந்த நண்டுக்கு இருக்கற ஓடுகூட இல்ல. சும்மா உறிஞ்சிட்டுத் துப்ப வேண்டியதுதான் போல.”

முப்பது பேரும் சிரித்தார்கள். யாரோ ஒருவர், “தாவ் வீட்ல மூணு வேளையும் கஞ்சிதான், கை வேற எப்படி இருக்கும்” என்றார். நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள். நண்டுக்காலை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டீர்கள். மீதியை விரிக்கவேயில்லை. என் கணவர் தாமே அதைச் சுற்றி எடுத்துக்கொண்டார். முனைகள் நேராக இருக்கின்றனவா என்று இருமுறை தட்டிப் பார்த்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மறுநாளே தேநீர்க்கடைகளில் அவருக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. எலும்பில்லாத தாவ். தாள் விற்பவன்கூட வாசலில் நின்று, “எலும்பில்லாதவர் வீட்ல இருக்காரா” என்று கேட்டான். அதன் பிறகு அவரிடம் மலை கேட்டு ஒருவரும் வரவில்லை. ஐந்து ஆண்டுகள் விசிறிகளில் வெட்டுக்கிளிகள் வரைந்தார். ஆறாவது குளிர்காலத்தில் இருமி இருமிச் செத்தார். நீங்கள் இறுதிச் சடங்குக்கு வெள்ளைத் துணி அனுப்பினீர்கள். நீளம் போதவில்லை.

அவர் இறந்து நாற்பதாவது நாள் நான் அந்தச் சுருளை எடுத்துக்கொண்டு, ஓவியங்களுக்குப் பின்தாள் ஒட்டும் மியாவிடம் போனேன். மியாவை உங்களுக்குத் தெரியும். இன்றும் இருக்கிறார், காது மட்டும் மந்தம். சுருள் இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்டியது. நாணற்கரை இருந்த சிறிய தாள் ஒன்று, மலைகள் இருந்த எட்டு முழத் தாள் ஒன்று. ஒட்டிய இடத்தில் இரண்டின் மீதும் விழும்படி என் கணவர் தம் முத்திரையைப் பதித்திருந்தார். ஒட்டு இருக்கும் இடத்தில் ஓவியர்கள் எல்லோரும் செய்வதுதான். அந்த ஒட்டை நனைத்துப் பிரித்துக் கொடுங்கள் என்றேன்.

மியாவ் பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். “அம்மா, ஐயா போய், துக்கம் காக்கற நாப்பத்தொம்போது நாள்கூட ஆகல. அவர் சேர்த்ததைப் பிரிக்கச் சொல்றீங்க. என் கை வராது” என்றார்.

“உங்க கை வரலேன்னா என் கையால கிழிப்பேன். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றேன்.

அவர் பிரித்துக் கொடுத்தார். நான் சொன்னபடியே மலைத்தாளுக்குப் பழைய பட்டில் கரையும் கட்டினார். ஓவியத்தில் என் கணவரின் கையெழுத்து எங்கும் கிடையாது. விருந்தில் காட்டிவிட்டுக் கடைசியில் இடலாம் என்று இடம் விட்டு வைத்திருந்தார். விருந்துக்குப் பிறகு இடவில்லை. அந்த மலைத்தாளை ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் கொடுத்து, யாருடையது என்று கேட்டால் தெரியாது என்று சொல்லச் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. ஒருவரும் பொய் சொல்லவில்லை, பெய் ஐயா. போலிக் கையெழுத்து இல்லை, போலி முத்திரை இல்லை. அது மூன்று வீடுகளுக்குப் போய், பத்தாவது ஆண்டு உங்கள் வீட்டுக்கு வந்தது. மாமேதை என்ற பெயரை நீங்கள்தான் வைத்தீர்கள். என் கணவர் கையெழுத்துக்காக விட்டு வைத்த இடத்தில்தான் உங்கள் பாராட்டுரை இருக்கிறது.

உங்கள் அரை முத்திரையின் மறுபாதி, நான் இதை எழுதும் மேசைமேல் இருக்கிறது.

விருந்தன்று நான் எங்கே உட்கார வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மரச்சட்டத்துக்குப் பின்னால் அல்ல, முதல் வரிசையில். எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்துக் காட்ட வேண்டும். உங்கள் பாராட்டுரைக்கு அடுத்து, “இது தாவ் சிங்ஷி வரைந்தது, நான் பார்க்காமலே சிரித்தேன்” என்று உங்கள் கையால் எழுத வேண்டும். மறுத்தால், உங்கள் நான்கு பக்கக் கடிதமும் என் ஒன்றரை முழத் தாளும் ஷாங்காய்ப் பத்திரிகைக்காரர்களிடம் போகும்.

மன்னிப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எட்டு ஆண்டு கன்னியர் மடத்தில் படித்தவள். அது எவ்வளவு பெரிய பொருள் என்று தெரிந்திருப்பதால்தான் உங்களுக்குத் தர மறுக்கிறேன்.

மழை நின்றுவிட்டது. தாள்கள் ஈரமில்லாமல் இருக்கின்றன.

தாவ் சிங்ஷியின் மனைவி


சூசோ, வாத்துப்பாலச் சந்து
நான்காம் மாதம், எட்டாம் நாள்

பெய் ஐயா அவர்களுக்கு.

உங்கள் மூத்த மருமகள் போன வாரம் வந்துவிட்டுப் போனாள். உப்பிட்ட பன்றித்தொடையும் ஜின்செங் வேரும் கொண்டுவந்திருந்தாள். திருப்பி அனுப்பிவிட்டேன், வந்து சேர்ந்திருக்கும். நல்ல பெண். உட்கார் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

“அத்தை, மாமா மூணு நாளா சரியா சாப்பிடல. அந்தச் சுருளை மடியில வச்சுக்கிட்டு ஓரத்தையே பார்த்துக்கிட்டு இருக்கார்” என்றாள்.

“இருபத்திரண்டு வருஷம் முன்னாடி பார்த்திருக்க வேண்டியது. இப்பவாவது பார்க்கட்டும்” என்றேன்.

கண் கலங்கினாள். எனக்குள் அன்று ஏற்பட்ட நிறைவை மறைக்க மாட்டேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தச் சாப்பாட்டு நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன். என் கணவர் எத்தனை வேளை தட்டைத் தள்ளிவைத்தார் என்று எனக்கு எண்ணிக்கை தெரியும்.

என் தாளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். காட்டினேன். முத்திரையின் மேல் மெல்லிய தாள் வைத்து நகல் எடுத்துக்கொள்ளவும் விட்டேன். உங்களுக்குச் சந்தேகமே இருக்கக்கூடாது என்பதுதான் என் எண்ணம். அவளும் தூரிகை பிடித்தவள் போலிருக்கிறது. முத்திரையைப் பார்த்து முடித்த பிறகு நாணல்களை நெடுநேரம் பார்த்தாள். அவள் நிமிர்வதற்குள் நான் தாளைச் சுருட்டிவிட்டேன்.

நேற்று உங்கள் கடிதம் வந்தது. கெஞ்சுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். மிரட்டுவீர்கள் என்றும் எதிர்பார்த்து, அதற்குப் பதில்கூட எழுதி வைத்திருந்தேன். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. “முத்திரை பொருந்துகிறது. தாளும் பொருந்துகிறது. கை பொருந்தவில்லை. நாணலை வரைந்த கை மலையை வரைந்ததில்லை. நான் சிரித்தது தவறு, ஆனால் பார்த்தது தவறில்லை. தன்னிடம் இருந்த ஒரு பழைய சுருளின் முன்னால் தாவ் தம்பி தன் நாணலை ஒட்டி, ஒட்டில் தன் முத்திரையைக் குத்திவிட்டான் என்று நான் சபையில் சொன்னால், நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?”

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அன்று முழுவதும் ஒரு வேலையும் செய்யவில்லை. உங்களை வெறுத்த காலம் முழுவதும் உங்களுக்குக் கண் இல்லை என்று நம்பி வந்தேன். அந்த நம்பிக்கை எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது நேற்றுதான் தெரிந்தது.

கை பொருந்தவில்லைதான். நாணலை வரைந்தவள் நான்.

போன கடிதத்தில் நான் எழுதியது எதுவும் பொய்யல்ல. ஆனால் ஒன்றை எழுதாமல் விட்டேன். செவ்வந்தி விருந்துக்கு ஆறு நாள் முன்பு அவருக்குக் கடும் காய்ச்சல். சுருள் முடிந்துவிட்டிருந்தது. காய்ச்சலோடு எழுந்து தொடக்கப் பகுதியில் ஏதோ திருத்தப் போய், மைக்கல்லைத் தட்டிவிட்டார். அவர் வரைந்த கரை முழுவதும் கறுத்துவிட்டது. அந்த ஒன்றரை முழத்தைக் கத்தரித்து எறிந்தார். குருநாதர் கொடுத்த தாளில் வாலாக மிஞ்சிய துண்டு ஒன்று இருந்தது. தூரிகையைப் பிடித்தால் கை உதறியது. விருந்துக்குப் போக வேண்டாம், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

நான்தான் விடவில்லை. என் கணவர் முப்பது பேர் முன்னால் எழுந்து நிற்பதை நான் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மடத்தில் ஓவிய வகுப்பில் எனக்குத்தான் முதல் பரிசு. ரோஜாவும் லில்லியும் வரைந்திருக்கிறேன். நாணல் என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். அவர் படுத்தபடி சொல்லச் சொல்ல மூன்று நாள் வரைந்தேன். காய்ச்சல் இறங்கியதும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார், உங்கள் மருமகளைப் போலவே. பிறகு தம் கையாலேயே ஒட்டி, தம் கையாலேயே முத்திரை பதித்தார்.

அன்று உங்கள் தோட்டத்தில் அவர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அண்ணா, அது என் மனைவி வரைந்தது, மேலே விரியுங்கள். அவ்வளவுதான். முப்பது பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்திருப்பார்கள், நீங்கள் மலையைப் பார்த்திருப்பீர்கள். அவர் சொல்லவில்லை. திரும்பும்போது படகில் எனக்கு எதிரே உட்கார்ந்து, சுருளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்:

“நாணல் நல்லாத்தான் இருந்துச்சு. அவருக்கு நண்டு மேல கண்ணு.”

அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்த நாணலைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. எலும்பில்லாத தாவ் என்று வாசலில் கேட்டவனுக்குக் கதவைத் திறந்தவளும் நான்தான்.

மியாவிடம் நான் போனது உங்களுக்குப் பொறி வைப்பதற்காக என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். அது பாதிதான். என் நாணல் அவர் மலைக்கு முன்னால் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அதைப் பிரித்து எடுத்துவிட்டால் மலை தப்பிவிடும் என்று நினைத்தேன். தப்பியது. யாருடையது என்று தெரியாமல் தப்பியது. மடத்தில் சனிக்கிழமைதோறும், செய்த பாவங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்போம். எனக்குச் சொல்வதற்கு எதுவும் இருக்காது. ஒரு மூத்த கன்னியாஸ்திரீ, “உன் தாள் மட்டும் எப்போதும் வெறுமையாக இருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது” என்றார். அவரை அன்று பொறாமைக்காரி என்று நினைத்தேன்.

இதையெல்லாம் எழுதியதால் நான் இறங்கிவந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. குருநாதர் உங்கள் இருவருக்கும் கொடுத்த தாள்கள் அதுவரை ஒன்றோடொன்று சேர்த்துச் சுருட்டியிருந்தவை. ஒரே பூச்சி இரண்டையும் துளைத்திருந்தது. நீங்கள் முந்நூறு ஆண்டுத் தடம் என்று தொகுப்பில் புகழ்ந்திருக்கும் மூன்றாவது அருவியின் உச்சியைப் பாருங்கள். அரிசி அளவு துளை. என் கணவர் அந்தத் துளையிலிருந்துதான் அருவியைக் கொட்டவிட்டார். உங்கள் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அதே தொலைவில் அதே துளை இருக்கும். எடுப்பதற்கு அதிகம் தேட வேண்டியிருக்காது. நாற்பது ஆண்டுகளாக அதில் ஒரு கோடு போட உங்களுக்குத் துணிவு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். உங்களுடையது இன்றும் வெறுந்தாளாக இருப்பதைப் போலவே, குருநாதர் கொடுத்தபோது என் கணவருடையதும் வெறுந்தாள்தான். முந்நூறு ஆண்டுக்கு முந்தைய எந்த மேதையும் அதில் வரைந்திருக்க முடியாது.

இருபதாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். மியாவும் பசைக் கிண்ணத்தோடு வருகிறார். பிரித்த கை சேர்க்க வேண்டும் என்று அவரே கேட்டுக்கொண்டார். சபையில் யாராவது நாணலை யார் வரைந்தது என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். எனக்கு ஒரு தூரிகையும் கொஞ்சம் மையும் கொடுங்கள். எழுந்து நின்று எல்லோர் முன்னிலையிலும் அதே நாணலை வரைந்து காட்டுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் என் கையில் எலும்பு முளைத்துவிடவில்லை, பரிசோதித்துப் பார்த்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் சுருளின் கடைசியில், உங்கள் பாராட்டுரைக்குப் பிறகு ஒட்டும்படி மியாவிடம் சொல்லியிருக்கிறேன். இனி அதை விரிக்கிற ஒவ்வொருவரும் என்னிடமிருந்து தொடங்கி, அவரைக் கடந்து, உங்களிடம் வந்து சேரட்டும்.

உங்கள் பதினொரு முத்திரைகளைத் தேய்ப்பதற்கு நல்ல சாணைக்கல் ஒன்று கொண்டுவருகிறேன். சொன்ன சொல்லை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

நீங்கள் நூறு ஆண்டு வாழ வேண்டும் என்று மனமார வேண்டிக்கொள்கிறேன். கண் மங்காமல், கை நடுங்காமல், அந்தச் சுருளைத் தினமும் விரிக்கும் பலத்தோடு வாழ வேண்டும். அன்று காலையில் கைகளை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளாலும் விரியுங்கள். என் நாணலைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள், நான் முதல் வரிசையில்தான் இருப்பேன். சிரித்துவிட்டு மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மேலே விரியுங்கள், பெய் அண்ணா.

தாவ் சிங்ஷியின் மனைவி